“விருப்பம்” என்று சொல்லப்படுவது: அமெரிக்கக் கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆண்களின் டேட்டிங், ஹூக்கப், காதல்

கிழக்குக்கரை (அட்லான்டா):

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் எங்கள் வீட்டில் தமிழ் நண்பர்கள் சிலர் இரவு உணவுக்குக் கூடியிருந்தபோது, தன்பாலீர்ப்பாளரான ஒருவரே, “பிளாக் பசங்களுக்கு ஹூக்கப் மட்டும் போதும், அவர்களிடம் உறவை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்” என்றார். என் துணைவர் அப்போது சமையலறையில் எல்லோருக்கும் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கறுப்பினத்தவர், தமிழ் தெரியாது. ஆனால் அந்த வாக்கியத்தில் இருந்த ‘பிளாக்’, ‘ஹூக்கப்’ (தொடர்பு நீடிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பில்லாத உடலுறவு) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் அவருக்குப் புரிந்துவிட்டன. எல்லோரும் கிளம்பிய பிறகு, அந்த நண்பர் என்ன சொன்னார் என்று துணைவர் என்னிடம் கேட்டார். முழுதாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 2012இல் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு டேட்டிங் செயலியைக் கைபேசியில் ஏற்றினேன். யாரைக் காட்ட வேண்டும், யாரைக் காட்ட வேண்டாம் என்று இனவாரியாகக் குறியிட அதில் இடம் இருந்தது. நான் கறுப்பர் என்ற பெட்டியில் குறியிடவில்லை. அதே இரவில் வேறொருவருடைய பக்கத்தில் “இந்தியர்கள் வேண்டாம்” என்று எழுதியிருந்ததைப் பார்த்து மனம் நொந்து தூங்காமல் கிடந்தேன். இந்த இரண்டு செயல்களும் ஒரே கையால், ஒரு மணி நேர இடைவெளியில் நடந்தவை என்பது எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஆண்கள் ஆண்களைத் தேடும் செயலிகளான கிரைண்டர் 2009இலும் ஜாக்டு 2010இலும் வந்தன. கறுப்பின ஆண்களிடையே ஜாக்டு மிகவும் பரவியதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு: மற்ற இடங்களில் “குண்டர் வேண்டாம், நளினம் வேண்டாம், கறுப்பர் வேண்டாம், ஆசியர் வேண்டாம்” என்ற வரிகளைப் படித்துப் படித்துச் சலித்தவர்கள், தங்களைப் போன்றவர்கள் கூடும் இடத்தைத் தேடிப் போனார்கள். அங்கும் நிம்மதி கிடைக்கவில்லை. அச்செயலியில் தனிப்பட்டவை என்று குறித்து வைத்த நிர்வாணப் படங்கள் வெளியார் எடுக்கக்கூடிய நிலையில் இருந்தன. அது தெரிந்த பின்னும் நிறுவனம் ஏறத்தாழ ஓராண்டு காலம் சரிசெய்யவில்லை. 2019இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரிடம் 2,40,000 டாலர் கட்டி ஒப்பந்தம் செய்துகொண்டது. வீட்டாருக்கும் தேவாலயத்துக்கும் தெரியாமல் வாழும் ஒருவருக்கு அந்த ஓராண்டு எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒதுக்குதல் ஒரு பக்கம் என்றால், ஒதுக்காதவர்கள் அணுகும் விதம் இன்னொரு பக்கம். என் துணைவருக்கு அந்நாட்களில் வந்த செய்திகளை அவர் எனக்குக் காட்டியிருக்கிறார். பெயர் கேட்பதில்லை, நலம் கேட்பதில்லை. உறுப்பின் அளவைக் கேட்டுத்தான் பேச்சே தொடங்கும். கறுப்பின ஆண் என்றால் கட்டுமஸ்தானவனாக, முரட்டுக்குரல் உடையவனாக, படுக்கையில் எப்போதும் ‘டாப்’ ஆக, அதாவது புணர்பவனாக, இருப்பான் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். என் துணைவர் மெல்லிய குரலில் பேசுபவர். தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். நேரில் பார்த்தவுடன் ஒருவர் ஏமாற்றத்தை முகத்தில் மறைக்காமல் திரும்பிப் போனதாகச் சொன்னார். இப்படி நடத்தப்படுகிறவர்களைப் பார்த்து, அவர்களுக்கு உறவில் நாட்டமில்லை என்று நாம் சொல்கிறோம். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

உள்ளதைச்சொல்வேன் (நியூ ஜெர்சி):

உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நடந்ததற்கு வருந்துகிறேன். அது பண்பற்ற பேச்சு. ஆனால் உங்கள் பதிவில் ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. யார் மீது ஆசை எழுகிறது என்பதை யாரும் கட்டளையிட முடியாது. நாம் ஆண்களை விரும்புவதற்கே காரணம் கேட்டவர்களிடம், “இது என் இயல்பு” என்றுதானே பதில் சொன்னோம்? அப்படியிருக்க, இன்ன நிறத்தவர்மீது எனக்கு ஈர்ப்பு வரவில்லை என்று ஒருவர் சொன்னால் அதை இனவெறி என்று எப்படித் தீர்ப்பளிப்பது?

மேலும், ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரைக் காவலர் கொன்ற பின் 2020 ஜூனில் கிரைண்டர் அந்த இனவாரித் தெரிவை நீக்குவதாக அறிவித்தது. அதனால் என்ன மாறியது? வேண்டாதவர்கள் இப்போது பதில் போடாமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். அந்த வசதியை வைத்துக் கறுப்பின ஆண்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும், வெள்ளையர் நிறைந்த ஊர்களில் அவர்களுக்கு அது உதவியாக இருந்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

கிழக்குக்கரை:

உங்கள் இரண்டாவது கருத்தை ஏற்கிறேன். தன் இனத்தவரைத் தேடுவதும் ஓர் இனத்தையே அடைத்து வைப்பதும் ஒரே பொத்தானில் நடந்தாலும் ஒன்றல்ல. நீக்கியதோடு கடமை முடிந்தது என்று நிறுவனங்கள் இருந்துவிட்டன என்பதும் உண்மை.

முதல் கருத்துக்கு என் பதில் இது. ஒருவர்மீது ஈர்ப்பு வராததற்கு நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கோடிக்கணக்கான மனிதர்களை ஒருவரையும் பார்க்காமலேயே விலக்குவதற்கு ஈர்ப்பு என்று பெயரிட முடியுமா? ஆஸ்திரேலியத் தன்பாலீர்ப்பு ஆண்களிடையே நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வு, இணையத்தில் இனவாரி ஒதுக்கலைச் சரியென்று கருதியவர்களின் பொதுவான இனப்பார்வையையும் அளந்து பார்த்தது. இரண்டும் சேர்ந்தே நகர்ந்தன. பல்லினச் சமூகத்தை ஏற்க மறுக்கும் மனப்பாங்கு உடையவர்களே படுக்கையறை ஒதுக்கலையும் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். நமக்கு இதைப் புரிந்துகொள்ள ஆய்வுகூடத் தேவையில்லை. மணமகள் தேவை விளம்பரங்களில் ‘நல்ல நிறம்’ என்று வரும் வரியை வாசித்து வளர்ந்தவர்கள் நாம். அதை யாருடைய தனிப்பட்ட ரசனை என்று சொல்வோம்?

பழையகுடி (வாஷிங்டன்):

நான் 1988இல் படிக்க வந்தவன். இப்போது வயது அறுபதைத் தொட்டுவிட்டது. செயலிகள்தான் எல்லாவற்றையும் கெடுத்தன என்று இளையவர்கள் பேசும்போது, அதற்கு முன் இருந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

அந்நாளில் இந்நகரத்தின் பெயர்பெற்ற கே மதுக்கூடங்களில் வெள்ளையர் நேராக உள்ளே போவார்கள். கறுப்பர்களிடம் மட்டும் இரண்டு, மூன்று அடையாள அட்டைகள் கேட்பார்கள். இதைப் பல நகரங்களில் செய்தார்கள். ஒருமுறை கறுப்பின நண்பர் ஒருவரோடு போய் நின்றபோது, என்னை விட்டார்கள், அவரை நிறுத்தினார்கள். அவர் என்னைப் பார்த்து, “நீ உள்ளே போ, நாளை பேசலாம்” என்றார். நான் உள்ளே போனேன். இன்றும் அந்த நினைவு வந்தால் உடல் கூசுகிறது.

ஆகவே அவர்களுக்கென்று தனி இடங்கள் இருந்தன. ஹோவர்டு பல்கலைக்கழகத்திற்கு அருகில் நாப் ஹில் என்ற மதுக்கூடம் பல பத்தாண்டுகள் நடந்து 2004இல்தான் மூடப்பட்டது. அப்ஷர் தெருவில் கிளப்ஹவுஸ் என்ற நடனக்கூடம் இருந்தது, 1990இல் மூடப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் ஜூவல் தாய்ஸ்-வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி 1973இல் தொடங்கிய கேட்ச் ஒன் 2015 வரை நின்றது. நியூயார்க்கில் பாரடைஸ் கராஜ், 1977 முதல் பத்தாண்டுகள். இவற்றில் உடலுறவுக்கு ஆள் தேடியவர்களும் இருந்தார்கள், வாழ்க்கைத் துணையைக் கண்டவர்களும் இருந்தார்கள். ஒரே ஆள் ஓராண்டு ஒன்றாகவும் அடுத்த ஆண்டு மற்றொன்றாகவும் இருந்ததுண்டு. வேலை முடிந்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, ஒருவர் ஆடுவதை ஒரு மணி நேரம் பார்த்த பிறகுதான் பேச்சே தொடங்கும். கிளப்ஹவுஸ் மூடியபின், அதன் கோடைத் தொடக்கக் கொண்டாட்டத்தின் வெற்றிடத்தை நிரப்பவும் எய்ட்ஸ் பாதித்தவர்களுக்கு நிதி திரட்டவும் 1991 மே மாதம் பேன்னெக்கர் மைதானத்தில் இந்நகரத்தில் கறுப்பினத் தன்பாலீர்ப்பாளரின் முதல் ப்ரைடு விழா கூடியது. நான் அங்கு இருந்தேன். ஆடிப்பாடிய கூட்டத்தில் பாதிப் பேர் யாரோ ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஒப்பனையோடு மேடையில் நடந்து பரிசுக்குப் போட்டியிடும் ‘பால்’ போட்டிகளையும் சொல்ல வேண்டும். வெள்ளையருக்கே பரிசு போகும் அழகுப் போட்டிகளை வெறுத்து, கிறிஸ்டல் லபேஜா 1970களின் தொடக்கத்தில் தன் பெயரில் ஒரு ‘வீட்டை’ நிறுவினார். அதன் பின் பல வீடுகள். பெற்றவர்கள் துரத்திய பிள்ளைகளுக்கு அங்கே ஓர் அம்மாவும் அப்பாவும் கிடைத்தார்கள். யாரோடு போகிறாய், எப்போது திரும்புவாய், ஆணுறை வைத்திருக்கிறாயா என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். செயலி வைத்திருக்கும் இன்றைய இளைஞனிடம் அதைக் கேட்க யாரும் இல்லை. எனக்குச் செயலிகள்மீது உள்ள குறை அது ஒன்றுதான்.

கடல்கோடி (சென்னை):

ஐயா, உங்கள் பதிவை மூன்று முறை வாசித்தேன். ஒரு கேள்வி கேட்கலாமா? ‘டி.எல்.’ என்று எழுதியிருக்கும் ஆண்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். மனைவியிடமோ காதலியிடமோ சொல்லாமல் ஆண்களைச் சந்திக்கிறவர்கள் என்கிறார்கள். அது கறுப்பினத்தவரிடம் மட்டும் உள்ள பழக்கமா?

பழையகுடி:

இல்லை, தம்பி. மறைந்து வாழும் ஆண்கள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். நம் ஊரில் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். ‘டவுன் லோ’ என்பது கறுப்பினத்தவரின் பேச்சு வழக்கில் ரகசியமாகச் செய்யும் எதையும் குறித்த சொல். 2003, 2004 ஆண்டுகளில் பெரிய பத்திரிகைகளும் ஓப்ரா வின்ஃப்ரியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் அதை எடுத்துப் பேசின. அதன்பின், கறுப்பினப் பெண்களிடையே எச்.ஐ.வி. பரவுவதற்கு இந்த ஆண்களே காரணம் என்று நாடு முழுவதும் பேச்சு பரவியது. பின்னர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அந்தக் குற்றச்சாட்டுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொன்னார்கள். வெள்ளையர் மறைத்தால் அது பரிதாபத்துக்குரிய தனிமனிதக் கதையாகிறது. கறுப்பர் மறைத்தால் சமூக ஆபத்தாகிறது.

மறைப்பதற்கு அவர்களுக்கு இருந்த காரணங்களையும் பார். கறுப்பினத்தவரின் உரிமைக்காக நடந்த 1963ஆம் ஆண்டின் வாஷிங்டன் பேரணியை முன்னின்று ஒழுங்கு செய்த பேயார்டு ரஸ்டின், 1953இல் பாசடீனாவில் ஒரு காரில் ஆண்களோடு இருந்ததற்காகக் கைதாகி 60 நாள் சிறைத் தண்டனை பெற்றார். பேரணிக்குச் சில நாள் முன்னர் அதை ஒரு செனட்டர் அவையில் வாசித்து அவரை இழிவுபடுத்தினார். கலிஃபோர்னியா அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2020இல். அவர் இறந்து 32 ஆண்டுகளுக்குப் பின். ஒரே ஓர் இரவின் சந்திப்பை வைத்து ஒரு மனிதரை வாழ்நாள் முழுவதும் துரத்த முடியும் என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டது.

ஹூஸ்டன்வாசி:

நான் எச்.ஐ.வி. சிகிச்சை நிலையம் ஒன்றில் பணிபுரிகிறேன். ‘உள்ளதைச்சொல்வேன்’ அவர்களின் கேள்விக்கு, என் வேலையின் பக்கமிருந்து ஒரு பதில் உண்டு. சற்று நீளமாக எழுத அனுமதியுங்கள்.

2016இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணிப்பை வெளியிட்டது. அப்போதைய வேகத்திலேயே தொற்று நீடித்தால், ஆண்களோடு உறவு கொள்ளும் கறுப்பின ஆண்கள் இருவரில் ஒருவருக்கு வாழ்நாளுக்குள் எச்.ஐ.வி. கண்டறியப்படும், வெள்ளையரில் 11 பேரில் ஒருவருக்கு. இந்த எண்ணைக் கேட்டவுடன் நம் நண்பர்கள் பலரும், “பார்த்தீர்களா, கட்டுப்பாடு இல்லாத வாழ்க்கை” என்றார்கள். ஆனால் கிரெகோரியோ மில்லெட்டும் பிறரும் பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2012இல் ‘லான்செட்’ இதழில் எழுதியது அதற்கு நேர்மாறானது. ஆணுறை இல்லாத உறவாகட்டும், துணைவர்களின் எண்ணிக்கையாகட்டும், கறுப்பின ஆண்கள் மற்றவர்களைவிட அதிக ஆபத்தை வரவழைத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் தொற்று ஏன் கூடுதல்?

விடையில் ஒரு பாதி மருத்துவம் சார்ந்தது. காப்பீடு இல்லை, இங்கே டெக்சஸிலும், ஜார்ஜியா, மிசிசிப்பி போன்ற தென்மாநிலங்களிலும் ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியை மற்ற மாநிலங்களைப் போல விரிவாக்கவில்லை. தொற்று இருப்பது தாமதமாகத் தெரிகிறது. மருந்து தாமதமாகத் தொடங்குகிறது. இடையில் நின்றும் போகிறது. தடுப்பு மாத்திரையான ப்ரெப் 2012இலேயே அனுமதி பெற்றது. ஆனால் முதல் ஆண்டுகளில் அதைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்.

மறு பாதிதான் இந்த இழைக்கு உரியது. மற்ற இனத்தவர் கறுப்பின ஆண்களை விலக்கிவிடுவதால், அவர்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துணை தேடுகிறார்கள். அந்த வட்டம் சிறியது. அதில் சிகிச்சை எட்டாத தொற்று ஏற்கனவே அதிகம். எனவே ஒரு வெள்ளை இளைஞர் பத்துப் பேரைச் சந்தித்து எதிர்கொள்ளும் ஆபத்தை, ஒரு கறுப்பின இளைஞர் ஓரிருவரைச் சந்தித்தே எதிர்கொள்ள நேரலாம். ‘கிழக்குக்கரை’ அவர்கள் செயலியில் குறியிடாமல் விட்ட அந்தப் பெட்டி, இத்தனை லட்சம் பேர் ஒன்றாகக் குறியிடாமல் விடும்போது, ஒருவரது இரத்தப் பரிசோதனை அறிக்கை வரை வந்து சேர்கிறது. ஈர்ப்பு உங்கள் சொந்த விஷயம் என்பதை நான் மறுக்கவில்லை. அதன் விளைவு உங்களோடு நிற்பதில்லை என்பதை மட்டும் தினமும் பார்க்கிறேன்.

பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் என் எதிரே உட்கார்ந்து, “நான் இரண்டு பேரோடு மட்டும்தான் இருந்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. அவனை நம்பியதை அவனிடம் சொன்னேன், அப்போதுதான் அழுதான்.

இதோடு ‘க்ளீன்’ என்ற சொல். “நீ சுத்தமா?” என்று செயலியில் கேட்கிறார்கள். தொற்றுள்ளவர் அழுக்கா? மருந்தை ஒழுங்காக எடுத்து, வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்துவிட்டவர் உடலுறவின் மூலம் யாருக்கும் தொற்றைக் கொடுப்பதில்லை. 2019இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், ஒருவருக்குத் தொற்றும் மற்றவருக்குத் தொற்றின்மையும் கொண்ட ஆண் இணையர்கள் ஆணுறையின்றி ஏறத்தாழ 76,000 முறை உறவு கொண்டும், துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடப் பரவவில்லை. தமக்குத் தொற்று உண்டு, ஆனால் அது கண்டறிய இயலாத அளவில் உள்ளது என்று தம் பக்கத்தில் எழுதி வைக்கும் கறுப்பின ஆண்களை நான் அறிவேன். எழுதியதும் செய்திகள் குறைந்துவிடுகின்றன, இருந்தும் எழுதுகிறார்கள்.

ஹூஸ்டன்காரன் என்பதால் இன்னொன்று. தன்பால் உறவைக் குற்றமாக்கிய சட்டங்களை நாடு முழுவதும் செல்லாதவையாக்கிய 2003ஆம் ஆண்டின் லாரன்ஸ் வழக்கு இந்நகரத்தில் தொடங்கியது. 1998இல் ஜான் லாரன்ஸ் என்ற வெள்ளையரின் வீட்டில் காவலர்கள் நுழைந்து அவரையும் டைரன் கார்னர் என்ற கறுப்பினத்தவரையும் கைது செய்தார்கள். காவலர்கள் ஏன் வந்தார்கள் தெரியுமா? பொறாமை கொண்ட ஒருவர், “கறுப்பன் ஒருவன் துப்பாக்கியோடு இருக்கிறான்” என்று பொய்யாகத் தொலைபேசியில் சொன்னதால். நம் எல்லோருடைய படுக்கையறைக்கும் கிடைத்த உரிமை அப்படி ஒரு பொய்யில் தொடங்கியது. கார்னர் 2006இல், தம் முப்பதுகளின் இறுதியில் இறந்தார்.

மேற்கெல்லை (லாஸ் ஏஞ்சலிஸ்):

தொடக்கப் பதிவில் சொன்ன ‘அணுகும் விதம்’ குறித்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மேற்கு ஹாலிவுட்டில் எட் பக் என்ற வசதியான வெள்ளையர், அரசியல் கட்சிக்கு நன்கொடை அளிப்பவர், வறுமையிலும் வீடின்மையிலும் இருந்த கறுப்பின ஆண்களைச் செயலிகள் வழியாகவும் ஆட்கள் வழியாகவும் வீட்டுக்கு வரவழைத்து, பணம் கொடுத்து, மெத்தாம்ஃபெட்டமைன் என்ற போதைமருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். 2017இல் 26 வயது இளைஞர் ஒருவர் அவர் வீட்டில் இறந்தார். இளைஞரின் தாயும் ஊர்ச் செயற்பாட்டாளர்களும் கதறியும் வழக்குத் தொடரவில்லை. 2019 ஜனவரியில் அதே வீட்டில் 55 வயதான இன்னொருவர் இறந்தார். அவ்வாண்டு செப்டம்பரில், மூன்றாமவர் ஒருவர் உயிர்தப்பி வெளியே வந்த பிறகே கைது. 2022இல் 30 ஆண்டுச் சிறை.

இங்கே பலர் அப்போது கேட்ட கேள்வி, “அவர்கள் ஏன் அங்கே போனார்கள்?” என்பது. வாடகைக்குப் பணம் இல்லாதவருக்கு ஹூக்கப் என்பதும் இரவு தங்க ஓர் இடம் என்பதும் சில நாட்களில் ஒன்றாகிவிடுகின்றன. அதை ஒழுக்கக்கேடு என்று எழுதுகிறவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

உள்ளதைச்சொல்வேன்:

ஹூஸ்டன் நண்பரின் பதிவை இரவு முழுவதும் மனத்தில் வைத்திருந்தேன். சிறிய வட்டம், அதனால் கூடும் ஆபத்து என்பதை நான் இதுவரை அறியவில்லை. “விருப்பம் தனிப்பட்டது, அதோடு முடிந்தது” என்று எழுதியதன் பின்பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் பக்கத்தில் இருந்த ஒரு வரியையும் நீக்கிவிட்டேன். அது என்ன வரி என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நிலை மாறவில்லை. கறுப்பின ஆண்களைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, “அவர்கள் ஹூக்கப் விரும்பிகள் அல்லர், எல்லோரும் திருமணம் வேண்டுகிறவர்கள்” என்று நாம் எழுதத் தொடங்கினால் அதுவும் பொய்யே. ஓர் இரவு போதும் என்று இருவர் மனமொப்பிப் பிரிவதில் குற்றம் ஒன்றும் இல்லை. வெள்ளையர் அதைச் செய்தால் விடுதலை, கறுப்பர் செய்தால் அவர்கள் இயல்பு என்ற பேச்சைத்தான் நிறுத்த வேண்டும்.

கிழக்குக்கரை:

முழுவதும் ஒப்புகிறேன், நண்பரே. உங்கள் நேர்மைக்கு நன்றி.

இந்த இழையை நேற்றிரவு என் துணைவருக்கு வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அன்று சொல்லாமல் விட்ட வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. கறுப்பின ஆண்களில் சிலரே ஒருவரைப் பற்றி ஒருவர் அப்படித்தான் பேசுகிறார்கள், பத்து வருடம் வெளியே கேட்ட பேச்சு வீட்டுக்குள்ளும் வந்துவிடும் என்றார். வாஷிங்டன் ஐயா எழுதிய இஸ்திரி போட்ட சட்டையின் வரியை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவருடைய மாமா ஒருவர் சனிக்கிழமை இரவுகளில் அப்படித்தான் கிளம்புவாராம். எங்கே போகிறார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. 1994இல் இறந்துவிட்டார், எதனால் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

பிறகு, எங்களைப் பற்றியும் எழுதச் சொன்னார். நாங்கள் முதலில் சந்தித்தது ஹூக்கப்புக்காகத்தான். தொழிலாளர் தின வார இறுதி, கறுப்பினத்தவரின் ப்ரைடு இந்நகரத்தில் நடக்கும் நாட்கள், ஊர் நிறைந்திருந்தது. அவர் பெயரைக் கேட்டு நான் அனுப்பிய செய்தி இன்னும் அவருடைய பழைய கைபேசியில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவதாகச் சொல்லி வந்தவர், கடைசி ரயில் போய்விட்டதால் தங்க நேர்ந்தது. காலையில் நான் எழுந்தபோது, பாத்திரத் தொட்டியில் மூன்று நாளாகக் கிடந்த என் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஏதோ ஒரு தேவாலயப் பாடலை முணுமுணுத்துக்கொண்டு, உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.